இன்னும் 17 துண்டுகள்

மார்ச் 3, 2025

கைபேசியில் எண்ணிப் பார்த்தேன். நோட்டு தைக்கும் அப்பாவின் கைகள் தெரியும் காணொளித் துண்டுகள் 17 மீதம் இருக்கின்றன. அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், புதிதாக எடுக்க முடியாது. எங்கள் பட்டறையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வாரத்துக்கு 3 என்று போட்டால் ஆறு வாரத்துக்குக்கூடக் காணாது.

மார்ச் 4

நூலுக்கு மெழுகு பூசும் துண்டைப் போட்டேன். 9 விநாடி. பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. வணிகக் கணக்கு என்பதால் பிரபலமான பாடல்கள் கிடைப்பதில்லை. இன்ஸ்டாகிராமே தரும் இலவச இசைத் தொகுப்பில் நான்கைந்தைக் கேட்டுப் பார்த்தேன். நூல் மெழுகில் இழுபடும் அந்த மெல்லிய கிறீச்சொலியை ஒவ்வொன்றும் விழுங்கிவிட்டது. அந்த ஒலிக்காகத்தான் இந்தத் துண்டே. இசை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

16.

மார்ச் 6

காலையில் ஒரு மணி நேரம் பட்டறையில் இருந்தேன். முடித்து வைத்திருந்த நோட்டுகளைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. முதல் இருபது படங்களும் வீண். தாளின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். சன்னல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், குழல் விளக்குக்கு வேறு நிறம். இரண்டும் கலந்தால் கேமராவுக்கு எது வெள்ளை என்று தெரியாமல் போகிறது. விளக்கை அணைத்தேன். மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பினேன். எதிர்ப்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிய பைண்டிங் அட்டை ஒன்றை நிறுத்தியதும் நிழல் இளகியது. அட்டையில் ஒட்டிய காலிகோ துணியின் இழைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. 9:30 முதல் 10:30 வரைதான் இந்த வெளிச்சம். அப்புறம் வெயில் நேராக மேசையில் விழுந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் ஒரு மங்கல். லென்ஸைத் துடைக்கவில்லை. பசை தொட்ட விரலின் தடம். படம் எடுக்கும் முன் கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, சட்டை நுனியால் துடைத்துத் தருவார் அப்பா. அது அவர் வேலை என்றே இருந்துவிட்டேன்.

படங்கள் உதவாததால் துண்டு ஒன்றைப் போட்டேன். 15.

மார்ச் 7

அப்பாவின் வலது கை விரல்கள் அசைகின்றன. இடது கை இன்னும் இல்லை.

மார்ச் 9

மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து பழைய முகப்புப் படங்களைத் திருத்தினேன். இந்த ஜனவரியில் இன்ஸ்டாகிராம் சதுரக் கட்டங்களை நீளமாக்கியதிலிருந்து எங்கள் பக்கம் ஓரம் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. 'கையால் தைத்தது' என்ற வரியில் 'கையால்' பாதி இல்லை. இனி எழுத்துகளை நடுவில் மட்டுமே வைப்பேன். காணொளியின் 1080க்கு 1920 பிக்சல் சட்டம் முழுவதும் நமக்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கீழ்ப்பகுதியைக் குறிப்பு வரியும் பொத்தான்களும் மூடிவிடுகின்றன. எழுத்துரு ஒன்று, நிறம் இரண்டு. அதற்கு மேல் எதையும் தொடப்போவதில்லை.

நேற்று ஒன்று போனது. 14.

மார்ச் 11

நேற்று முன்தினம் வரை நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை போட்ட தையல் துண்டின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "இந்த வயதிலும் ஐயாவின் கை நடுங்கவே இல்லை. இன்றைக்கு எத்தனை ஃபாரம் தைத்தார்?" ஃபாரம் என்பது சேர்த்துத் தைக்கும் மடித்த தாள் கட்டு.

இன்றைக்கு. அந்தச் சொல்லை நாள் முழுவதும் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் பொய் எதுவும் எழுதவில்லை. தேதியை எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் கண்ணில் அப்பா இன்று காலை மேசைக்கு வந்தார், குத்தூசியால் மடிப்பில் துளை போட்டார், தைத்தார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு காலையை நான்தான் கொடுத்திருக்கிறேன்.

குறிப்பில் 2,200 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் விரித்துப் பார்ப்பதற்கு முன் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். அந்த வரியைப் பத்து முறை எழுதி அழித்தேன். 'அப்பா உடல்நலம் குன்றியிருக்கிறார்' என்று எழுதினால் பரிதாபத்தை விற்பதுபோல் இருக்கிறது. எழுதாவிட்டால் அவர் கைகளையே விற்பதுபோல் இருக்கிறது. ஆர்டர் நின்றால் காகிதக் கடைக்குப் பாக்கி எப்படிக் கொடுப்பது என்ற கணக்கும் உள்ளே ஓடுகிறது. அதை மறைக்க மாட்டேன்.

அவருக்குப் பதில் போடவில்லை.

மார்ச் 12

14. அப்படியே நிற்கிறது.

மார்ச் 14

சித்தி மகன் வந்திருந்தான். "அக்கா, தினமும் ஒன்று போடுங்கள், எல்லாரும் போடும் பாட்டைப் போடுங்கள்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவனுக்குக் கணக்கின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவன் சொல்லிப் போன வருடம் போட்ட ஒரு வேடிக்கைக் காணொளியை ஏராளமானோர் பார்த்தார்கள். ஒருவர்கூட நோட்டு கேட்கவில்லை. 'புது நோட்டின் முதுகு உடையாமல் முதல்முறை திறப்பது எப்படி' என்று ஆறு படங்களாகப் போட்டதைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். 38 பேர் சேமித்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் வாங்கினார்கள்.

அதில் இருந்ததும் அப்பா சொல்லித் தந்ததுதான். நோட்டை முதுகின் மேல் நிமிர்த்து வை. முன் அட்டையைச் சாய், பின் அட்டையைச் சாய். முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என்று மாறி மாறி எடுத்து, ஒவ்வொரு முறையும் உள்மடிப்பை விரலால் மெல்ல அழுத்து. நடுவுக்கு வந்ததும் நிறுத்து. நேராக நடுவில் பிளந்தால் பசை வெடித்துவிடும்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்கும் என்று மறந்துவிடக் கூடாது.

மார்ச் 17

அடுத்த துண்டுக்கு வரிகளைத் தட்டச்சு செய்தேன். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அதனால் ஒரு நேரத்தில் ஒரு வரி, நான்கு சொல்லுக்கு மேல் இல்லை.

கூடவே ஒரு புகைப்படத்தையும் தயார் செய்தேன். அதற்கு மாற்று உரை எழுத வேண்டும். இன்ஸ்டாகிராமில் 2018 முதல் அந்த வசதி இருக்கிறது. பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும். படத்தில் இருப்பதை இருப்பதுபோல் எழுதினால் போதும். எழுதினேன்: 'முதியவர் ஒருவரின் இரண்டு கைகள். வலது கை ஊசியை இழுக்கிறது. இடது கை'

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 19

எதுவும் போடவில்லை.

மார்ச் 20

போட்டுவிட்டேன். முதல் வரி: 'இது பிப்ரவரி 8ஆம் தேதி எடுத்தது.' அடுத்த வரி: 'அப்பா இப்போது ஓய்வில் இருக்கிறார். தைப்பது நான்.' வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. 11ஆம் தேதி கேட்டவருக்கும் பதில் எழுதினேன்: "மன்னியுங்கள், அன்றைய தையல் பழையது."

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினேன். 13.

மார்ச் 21

இரண்டு பேர் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஒருவர் நான் தைத்ததே வேண்டும் என்றார். கேட்டவர் இன்னும் எதுவும் எழுதவில்லை.

மார்ச் 22

என் கைகளைப் படம் எடுத்தேன். நோட்டுக் கட்டின் மீது கைபேசியைச் சாய்த்து வைத்தால் நழுவுகிறது. கடைசியில் அலமாரித் தட்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வைத்தேன். 40 நிமிடம் எடுத்ததில் 11 விநாடி தேறியது. நான்காவது ஃபாரத்தில் தையல் கோணல். வெட்டிவிடலாமா என்று பார்த்தேன், விட்டுவிட்டேன்.

மாலையில் அப்பாவிடம் காட்டினேன். ஒலியில்லாமல், அவர் முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு. மூன்று முறை பார்த்தார். வாய் கோணியபடி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: "நூல்... தளர்வாக... இருக்கிறதம்மா."

இத்தனை நாளில் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம்.

பிறகு கைபேசியை வலது கையால் இழுத்து, லென்ஸைப் போர்வையில் தேய்த்தார்.

மார்ச் 24

தையலைப் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு ஃபாரம் முடிந்ததும் முதுகுக்கு இணையாக இழுக்க வேண்டும், தாளுக்குச் செங்குத்தாக இழுத்தால் துளை கிழிந்துவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் கை பயப்படுகிறது.

வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் புதன்கிழமை சொல்வார்களாம்.

13 துண்டுகளையும் தனியாக ஒரு கோப்புறையில் வைத்தேன். நாளை 9:30க்கு மேசை.