மியாட்டாவுக்கு ஆல்-சீசன் டயர்: வாரண்டி கிலோமீட்டரைப் பார்த்து வாங்காதீர்கள்

மியாட்டா என்று வட அமெரிக்காவில் அழைக்கப்படும் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரின் நான்காம் தலைமுறை ஷோரூமை விட்டு வெளியே வந்தபோது அதில் இருந்தது கோடை டயர். 17 அங்குல வீல் என்றால் 205/45 ஆர்17 அளவில் பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா எஸ்001. 16 அங்குலம் என்றால் 195/50 ஆர்16 அளவில் யோகோஹாமா அட்வான் ஸ்போர்ட் வி105. ஜூலையில் இரண்டுமே ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பித்துவிடும். டொரோண்டோ பக்கம் ஏப்ரல் காலைகளும் அக்டோபர் கடைசி இரவுகளும் அந்த 7 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். முதல் செட் தேய்ந்ததும் "இந்தத் தடவை ஆல்-சீசன் போட்டுவிடலாமா?" என்ற கேள்வி வருவது இதனால்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்தக் கார் எந்தெந்த மாதங்களில் ரோட்டில் இருக்கும்?

நவம்பர் தொடக்கத்தில் கராஜில் ஏற்றி, மே மாதம்தான் இறக்குவீர்கள் என்றால் ஆல்-சீசன் தேவையே இல்லை, கோடை டயரையே திரும்ப வாங்குங்கள். மார்ச் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஓட்டி, முதல் பனி விழுந்ததும் நிறுத்துபவர்களுக்கு ஆல்-சீசன் மிகச் சரியான தேர்வு. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தினமும் வேலைக்கு இதில்தான் போக வேண்டும் என்றால், தனியாக ஒரு செட் வின்டர் டயர் வாங்குவதே என் முடிவான கருத்து. எடை குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் கார் இது. உறைந்த ரோட்டில் ஆல்-சீசனை நம்பி இதை ஓட்டக்கூடாது. டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வின்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தரவேண்டும் என்ற விதி 2016 ஜனவரி முதல் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு செட்டும் மாறி மாறி ஓடுவதால் ஒவ்வொன்றும் மெதுவாகத் தேயும், செலவு நினைப்பதைவிடக் குறைவு.

பெயரில் "எல்லாப் பருவமும்" என்று இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். டயரின் பக்கத்தில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால், பட்டன்களுக்கு, அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு, நடுவே போதுமான இடைவெளி இருக்கிறது என்பதுதான் அர்த்தம். அந்த எழுத்துக்காகப் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் கிடையாது. மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துளிப் பூவும் வரைந்த முத்திரை வேறு. 1999இல் வந்த அந்த முத்திரையைப் பெற, இறுகிய பனியில் டயர் ஒரு குறிப்பிட்ட அளவு இழுவை காட்டியிருக்க வேண்டும். ஆனால் அதுவும் பனிமேல் இழுவையை மட்டுமே சோதிக்கிறது. கண்ணாடிபோல் உறைந்த ஐஸில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதை அல்ல. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த மலை முத்திரை உள்ள டயர் கட்டாயம். வெறும் எம்+எஸ் டயரோடு அந்த நாட்களில் ஓட்ட நினைக்கும் கியூபெக்வாசிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

மலை முத்திரையோடு வருடம் முழுவதும் ஓட்டலாம் என்று விற்கப்படும் ஆல்-வெதர் வகையும் உண்டு: டோயோ செல்சியஸ், மிஷெலின் கிராஸ்க்ளைமேட் 2 போன்றவை. குடும்பக் காருக்கு அருமையான டயர்கள். எம்எக்ஸ்-5க்கு நான் சொல்லமாட்டேன். பனிக்காக வெட்டப்பட்ட ஆழமான பட்டன்கள் வளைவில் நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு தயக்கம் தெரியும். இந்தக் காரை வாங்கியதே அந்தத் தயக்கம் இல்லாததற்காகத்தானே.

ஆகவே தேட வேண்டியது அல்ட்ரா ஹை பர்ஃபாமன்ஸ் ஆல்-சீசன் என்ற பிரிவு. அதே கடையில் "டூரிங் ஆல்-சீசன்" என்று பக்கத்திலேயே இன்னொரு பிரிவு இருக்கும். விலை குறைவு, வாரண்டி லட்சம் கிலோமீட்டருக்கு மேல் என்று எழுதியிருப்பார்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது காராக வைத்து, கோடையில் ஓட்டி, வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் போகிறீர்கள். ஏறத்தாழ 1,060 கிலோ எடையுள்ள கார் என்பதால் டயர் தேய்வதும் மெதுவாகத்தான். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரப்பர் வயதாகி, எண்ணெய் வற்றி, கட்டையாகிவிடும். பட்டன் பார்க்க ஆழமாக இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. ஐந்து, ஆறு வருடத்துக்கு மேல் ஆன டயரை வருடத்துக்கு ஒருமுறை கடையில் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து வருடம் தாண்டினால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கழற்றிப் போட வேண்டும். அத்தனை கிலோமீட்டர் தாங்கும் ரப்பருக்காகப் பிடிப்பை விட்டுக்கொடுத்தால், அந்தக் கிலோமீட்டர்களை நீங்கள் ஓட்டப்போவதே இல்லை. எடை குறைந்த காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடினமான ரப்பர் சூடேற வேண்டும் என்றால் அதன்மேல் பாரம் வேண்டும். இந்தக் கார் அந்தப் பாரத்தைத் தராது. மழை பெய்த குளிர் இரவில் ரவுண்டானாவில் பின்பக்கம் லேசாக வழுக்குகிறது என்றால், பல நேரம் காரணம் இந்த நீண்ட ஆயுள் ரப்பர்தான்.

டயரின் பக்கத்தில் ட்ரெட்வேர் என்று, தேயாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். 500ஐ ஒட்டி இருந்தால் இந்தக் காருக்குப் பொருத்தம், 700, 800 என்றால் டூரிங் வகை. அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே குறித்துக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி என்று இருக்கும் ட்ராக்‌ஷன் எழுத்து ஈர ரோட்டில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டும் அளக்கிறது. தேங்கிய தண்ணீரில் டயர் மிதப்பதைப் பற்றியோ வளைவைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது.

எனக்குப் பிடித்தவை இரண்டு. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 ஸ்டியரிங்கில் கூர்மையானது, காய்ந்த ரோட்டில் கோடை டயருக்கு மிக அருகில் வரும், விலையும் அதிகம். கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் சற்று மென்மை. பள்ளத்தில் இறங்கினால் இடுப்புக்குத் தெரியாது, லேசான பனியையும் நன்றாகச் சமாளிக்கும். அதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. பட்டனின் மேல்பரப்பிலேயே டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்துகள் செதுக்கியிருக்கும். தேயத் தேய முதலில் எஸ் மறையும், இனி பனிக்கு உதவாது. அடுத்து டபிள்யூ மறையும், மழைக்குப் போதாது. குனிந்து பார்த்தாலே போதும், கருவி எதுவும் வேண்டாம். மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டுபவர் மிஷெலின் வாங்கலாம். நகரத்துக் குண்டும் குழியும்தான் தினசரி என்றால் கான்டினென்டல்.

இப்போது அளவு. 205/45 ஆர்17 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 92 மி.மீ. வெளிவிட்டம் 616 மி.மீ. இதை 215/45 ஆர்17 ஆக மாற்றினால் விட்டம் 625 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட ஒன்றரை சதவீதம் வேகமாகப் போவீர்கள், டயரின் எடையும் கூடும், பலன் எதுவும் இல்லை. மாற்றியே ஆகவேண்டும் என்றால் எதிர்த்திசையில் போங்கள்: 16 அங்குல வீலில் 205/50 ஆர்16. விட்டம் 611 மி.மீ., அசலுக்கு மிக நெருக்கம். பக்கச்சுவர் 10 மி.மீ. கூடுவதால் வசந்தகாலத்துப் பள்ளங்களில் ரிம் வளைவது குறையும். பிரெம்போ பிரேக் உள்ள கார் என்றால் மட்டும் பொறுங்கள். பெரும்பாலான 16 அங்குல வீல்கள் அந்தக் காலிப்பரில் (பிரேக் கவ்வியில்) முட்டும்.

அளவை அடுத்து வரும் 84டபிள்யூ போன்ற குறியில் 84 என்பது ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்று சொல்கிறது. நான்கும் சேர்ந்தால் 2,000 கிலோ. இரண்டு பேரும் பெட்டியும் ஏறினாலும் இந்தக் கார் அதன் பக்கத்தில்கூட வராது. இதே அளவில் பல ஆல்-சீசன்கள் 88 எக்ஸ்எல் என்ற தடித்த கட்டமைப்பில்தான் கிடைக்கின்றன, ஒன்றுக்கு 560 கிலோ. போடலாம், ஆபத்தில்லை. பக்கச்சுவர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஒரே அளவில் இரண்டு டயர்கள் இருந்தால் எடையையும் கேளுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு கிலோ வரை வேறுபடும், இவ்வளவு எடை குறைந்த காரில் சஸ்பென்ஷனுக்கு அது தெரியும்.

எக்ஸ்எல் போட்டதால் காற்றைக் கூட்டத் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இந்தக் காரின் கதவோரத் தகட்டில் இருப்பது நான்கு வீலுக்கும் 29 பிஎஸ்ஐ, அதாவது 200 கிலோபாஸ்கல். பெரிய கார்களுக்குப் பழகிய கை 36 அடித்து அனுப்பிவிடும். சிலர் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் 51ஐப் பார்த்து, அதுதான் அடிக்க வேண்டிய காற்று என்று நினைக்கிறார்கள். அது டயர் தாங்கும் உச்சவரம்பு மட்டுமே. 36 அடித்தால் சின்ன மேட்டிலும் கார் துள்ளும், நடுப்பட்டன் மட்டும் தேயும், "புது டயர் மோசம்" என்று டயர்மேல் பழி விழும். வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை கார் நகரும் முன் கேஜ் வைத்துப் பாருங்கள். 20 டிகிரியில் சரியாக 29 அடித்த டயர், வெளியே மைனஸ் 5 ஆகும்போது 25 காட்டும். காற்று கசியவில்லை, சுருங்கியிருக்கிறது. இலையுதிர்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். நைட்ரஜனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பழைய டயரைக் கழற்றும் முன் உள்ளங்கையை அதன் குறுக்கே உள்ளிருந்து வெளியாகவும், பிறகு வெளியிலிருந்து உள்ளாகவும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழவென்று போய், திரும்பும்போது ரம்பப் பல்போல் கையில் இடறினால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், சரியில்லை. அலைன்மென்ட் செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இதேபோல் சீக்கிரம் தேய்ந்து வீணாகும். உள்ளோரம் மட்டும் மொட்டையாகி வெளியே பட்டன் இருந்தாலும் முதலில் டோவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பணம் இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால் அதே மாடலில் இரண்டு வாங்கி, புதியதைப் பின்னால் போடுங்கள். முன்னால் பிடிப்பு விட்டால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் திரும்பிவிடும். பின்னால் விட்டால் கார் சுழலும். ஒரே ஆக்ஸிலில் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று தேய்மானம் வேறான டயர்களைப் போடவே கூடாது. எல்எஸ்டி (இரண்டு பின்சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) உள்ள கார்களில் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழன்று, டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும்.

வாங்கும்போது டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3524 என்றால் 2024இன் 35ஆவது வாரம். தயாரித்து இரண்டு வருடம் தாண்டியது என்றால் வேறு கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். புது டயரின் பக்கத்தில் மஞ்சள், சிவப்பு எனப் புள்ளிகள் தெரியலாம். மஞ்சள் என்பது டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைத்துப் பொருத்தினால் பேலன்சிங்குக்கு ஒட்டும் ஈயம் குறைவாகப் போதும். சிவப்பு இருந்தால், ரிம்மில் தாழ்வான இடத்துக்கு அடையாளம் போட்டிருக்கிறதா என்று பார்த்து அதற்கு நேராக வைக்க வேண்டும். அப்போது மஞ்சளை விட்டுவிடலாம். பேலன்சிங் சரியில்லாவிட்டால் 100 கி.மீ. தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். சாதாரண பேலன்சிங்குக்குப் பிறகும் நடுக்கம் போகாவிட்டால், டயரை உருளையால் அழுத்திப் பார்க்கும் ரோட் ஃபோர்ஸ் இயந்திரம் உள்ள கடைக்குப் போங்கள்.

வீல் நட்டை ஏர் கன்னால் முடுக்கி அனுப்பவிடாதீர்கள். 21 மி.மீ. சாக்கெட், டார்க் ரெஞ்ச், 108 முதல் 147 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வடிவில் எதிரெதிராக. 80 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும், பட்டனும் ஆழமாக இருப்பதால் கொஞ்சம் நெளியும். அதுவரை மழையில் பொறுமையாக ஓட்டுங்கள். பிறகு 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்: பின்னால் உள்ளவை நேராக முன்னால் வரட்டும், முன்னால் உள்ளவை குறுக்காகப் பின்னால் போகட்டும். அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்திலேயே முன்னும் பின்னும் மாற்ற மட்டும்தான் முடியும்.

இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. டிக்கியில் இருப்பது பம்பும் ஒரு பாட்டில் பசையும். பசைக்கு காலாவதித் தேதி உண்டு, புது டயர் மாட்டும் நாளிலேயே பாட்டிலைத் திருப்பிப் படித்துவிடுங்கள். பட்டன் பகுதியில் 6 மி.மீ.க்குள் ஓட்டை என்றால் உள்ளிருந்து பேட்ச் போட்டுச் சரிசெய்யலாம். பசையை ஊற்றிவிட்டால் பல கடைகள் அந்த டயரைத் தொடாது. ஆணி ஏறி மெதுவாகத்தான் காற்று இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காமல், பம்பை மட்டும் போட்டு அடித்துக்கொண்டு பக்கத்துக் கடை வரை போங்கள்.