ஃபைபர் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

ஃபைபர் டெக்னீஷியன் படிப்பில் எழுத்துத் தேர்வு பெரிய விஷயமில்லை. அலைநீளம், டெசிபல் கணக்கு எல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். செய்முறைத் தேர்வு அப்படியில்லை. தேர்வாளர் மெஷின் திரையைவிட உங்கள் கையைத்தான் அதிகம் பார்க்கிறார்: எதைத் தொட்டீர்கள், எதற்கு அப்புறம் எதைச் செய்தீர்கள் என்று.

சிங்கிள் மோட் ஃபைபர் என்ற, தொலைதூர இணைப்புக்கான கண்ணாடி இழையில் ஒளி போகும் மையப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான்தான். அதை மறைக்கிற தூசி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கனெக்டர் முனையை மைக்ரோஸ்கோப்பில் பார், துடை, திரும்பப் பார், அப்புறம்தான் செருகு. எங்கள் பேட்ச்சில் ஒருவர், இரு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, "கவரை இப்பத்தான் பிரிச்சேன் சார், புது பேட்ச் கார்டு" என்றார். பயிற்சியாளர் பதிலே பேசாமல் அதை மைக்ரோஸ்கோப்பில் மாட்டினார். திரை முழுக்கப் புள்ளியும் கறையும். மூடி போட்டு வந்தாலும் அந்த மூடியின் உட்புறமே அழுக்காக இருக்கலாம். அழுக்கோடு செருகினால் எதிர்முனையும் கெடும். அதனால் இரண்டு பக்கத்தையும் துடைக்க வேண்டும்.

துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கிறது. காய்ந்ததும் படலம் விட்டுப்போகும். பிசிறு விடாத டிஷ்யூவில் ஒரு ஓரத்தை மட்டும் நனைத்து, ஈரத்திலிருந்து காய்ந்த பக்கம் நோக்கி ஒரே இழுப்பு. அதே இடத்தில் மறுபடி தேய்க்காதீர்கள். வாயால் ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். பழக்க தோஷத்தில் பலர் இதைச் செய்துவிடுகிறார்கள்.

ஸ்பிளைசிங்கில், அதாவது இரண்டு ஃபைபர் முனைகளை மெஷினில் உருக்கி ஒட்டுவதில், வரிசை முக்கியம்: மேலுறையை உரி, துடை, கிளீவ் செய் (முனையை நேராக வெட்டு). ஆல்கஹால் டிஷ்யூவில் இழுக்கும்போது 'கிரீச்' என்று மெல்லிய சத்தம் வந்தால் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. கிளீவ் செய்த பிறகு மட்டும் துடைக்கவே கூடாது. வெட்டிய முனை எங்கும் படாமல் நேராக மெஷினுக்குப் போக வேண்டும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மதிப்பெண் விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வெட்டி விழும் துண்டுகளைக் கையால் தட்டிவிடாதீர்கள். கருப்பு விரிப்பின் மேல் வேலை செய்தால் கண்ணில் படும். டேப்பில் ஒற்றி எடுத்து அதற்கான டப்பாவில் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கடைசிவரை கழற்ற வேண்டாம். அந்த மேசையில் டீ, பிஸ்கட் எதுவும் கூடாது. முனையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முன் பவர் மீட்டரால் ஒளி இல்லை என்று உறுதி செய்யுங்கள். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

எஸ்எஃப்பி மாட்யூல் (மின் சிக்னலை ஒளியாக மாற்றும் சிறு கருவி), சர்க்யூட் கார்டு எதை எடுத்தாலும் முதலில் உடலின் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டை. பொன் பூசிய முனைகளைத் தொடாமல் பக்கவாட்டில் பிடியுங்கள். நமக்குச் சுரீர் என்று உறைக்கவே ஏறக்குறைய 3000 வோல்ட் நிலைமின்னழுத்தம் வேண்டும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குள்ளேயே போய்விடும். வைவாவில், பட்டையில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்டால், தவறிப்போய் மெயின் கரண்டில் கை பட்டாலும் உடல் வழியே பாயும் மின்சாரத்தை மிகக் குறைவாக வைப்பதற்கு என்று சொல்லுங்கள்.