ராக்கின் மேல் விழுந்த பழி

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு 1973-ஆம் வருட டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்று வந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. நேர்ரோட்டில்கூட வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது என்றார் உரிமையாளர். ராக், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒரு குழாய்க்குள் இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு, தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று வேறொரு பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இந்த வண்டியைக் கண்டாலே எனக்குச் சென்னை நினைவு வந்துவிடும். அங்கே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முன்பக்க சஸ்பென்ஷனும் ராக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் தொழில் பழகியது ஹெரால்டில்.

பானெட் முழுவதையும் முன்னால் சாய்த்துவிட்டு, டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கூட வேலை செய்யும் பையனை ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சமாக அசைக்கச் சொன்னேன். அப்போது சக்கரம் தரையில்தான் இருக்க வேண்டும். ஜாக் வைத்துத் தூக்கினால் பாரம் இல்லாமல் லேசாகத் திரும்பிவிடும், ஆட்டம் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள ரப்பர் கப்ளிங் இறுக்கமாக இருந்தது. ராக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடு எண்டுகளிலும் குறையில்லை. ராக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்ததும் விஷயம் புரிந்தது. சக்கரம் திரும்புவதற்கு முன்னால் குழாயே பக்கவாட்டில் நகர்ந்தது.

யூ-போல்ட்டைக் கழற்றினால், ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் ஊறிப்போய் வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது. எஞ்சினின் முன்பக்க ஆயில் சீல் கசிந்து அதன் மேலேயே சொட்டியிருக்கிறது. ராக்கில் ஒரு குறையும் இல்லை. ரப்பருக்குப் பதில் அலுமினியத் துண்டு போடுபவர்கள் உண்டு. ஆட்டம் சுத்தமாக நிற்கும், ஆனால் ரோட்டின் அதிர்வெல்லாம் கைக்கு வந்துவிடும். நான் சீலை மாற்றி, புது ரப்பரே போட்டேன்.

அதோடு வண்டியை அனுப்ப மனம் வரவில்லை. முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். வலப்பக்கம் கீழே மெல்ல 'டக்' என்றது. அங்கே டிரன்னியன் என்று ஒரு வெண்கல முட்டு இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனை அதற்குள் மரை போட்டு இறங்கியிருக்கும். வண்டி திரும்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். அதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே போய்ச் சேராது, தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு முறியும். "தம்பி, கீழ் முட்டுக்குக் கிரீஸ் அடிச்சே, வண்டி நடுரோட்டுல மண்டி போட்டுடும்" என்று எங்கள் மேஸ்திரி அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கென்றே ஒரு ஆயில் கேனைத் தனியாக வைத்திருப்பார், வேறு எதற்கும் தொட விடமாட்டார்.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த கிரீஸ். மரை முடியும் இடத்தில் மோதிரம் போலத் துரு தின்றிருந்தது. பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 முதல் வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. அதனால் வருடக்கணக்கில் யாரும் அடியில் கைவைத்துப் பார்க்காத வண்டிகள் நிறைய வருகின்றன. எனக்கு அது பெரிய கவலை.

இரண்டு பக்கமும் தண்டு, டிரன்னியன் எல்லாம் புதிதாகப் போட்டு, ஆயில் மேலே கசிந்து வரும்வரை அடித்தேன். பழைய தண்டை உரிமையாளர் கையில் கொடுத்தேன். அந்தத் துரு வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, ஆயில் எந்த ஓட்டையில் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே டயர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.