உயிர்த்தெழும் உடம்புக்கு நிலம் வேண்டாமா?

கோயிலில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடம் வந்தால் எனக்கு அப்பாவின் இடது சுட்டுவிரல்தான் ஞாபகம் வரும். கருக்கரிவாள் பட்டு நுனி போன விரல். அந்த மொட்டை விரலோடுதான் கடைசிவரை நாற்று முடி கட்டினார். எழுந்து வரும்போது அது எப்படி இருக்கும்?

சின்னப்பிள்ளைக் கேள்விதான். ஆனாலும் பழைய காலத்துத் திருச்சபை அறிஞர் அகஸ்தீன் இதற்கு மெனக்கெட்டுப் பதில் எழுதியிருக்கிறார். வெட்டுப்பட்ட உறுப்பு திரும்பக் கிடைத்துவிடும். இரத்தசாட்சிகளின் தழும்பு மட்டும் இருக்கும், அது ஊனமல்ல, பெருமை என்கிறார். உயிர்த்தெழுந்த ஆண்டவரே தோமாவிடம் ஆணிக்காயத்தைக் காட்டினாரே! அப்பா இரத்தசாட்சி இல்லை. நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். என் கணக்கில் அந்தத் தழும்புக்கும் இடம் உண்டு.

எனக்குப் பிடித்தது லூக்கா 24. திடீரென்று நடுவில் வந்து நின்றவரை ஆவி என்று நினைத்து சீஷர்கள் நடுங்குகிறார்கள். அவரோ "சாப்பிட ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிடுகிறார். கடற்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

உயிர்த்தெழும் உடம்பு எப்படி இருக்கும் என்பதற்கு 1 கொரிந்தியர் 15இல் பவுல் விதையைக் காட்டுகிறார். பிரசங்கத்தில் இதைக் கேட்டதைவிட நாற்றங்காலில் பார்த்ததுதான் அதிகம். விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் மூட்டம் போட்டு, முளை கட்டித் தெளிக்கிறோம். சில நாள் கழித்து ஒரு நாற்றைப் பிடுங்கிச் சேற்றை அலசினால், வேர்மூட்டில் அந்தப் பழைய உமி தொங்கிக்கொண்டிருக்கும். நாற்றைப் பார்த்து நெல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த நெல்லேதான் அது.

உடம்பு உண்டென்றால் அது நிற்க மண் வேண்டும். இங்கேதான் எங்கள் வீட்டுச் சண்டை தொடங்குகிறது. நாங்கள் பொறையார் பக்கத்து லுத்தரன் சபை. நாகப்பட்டினத்து மாமா பெந்தெகொஸ்தே. "வெளிப்படுத்தல் 20ஐ எடு பாப்பா. ஆயிரம் வருஷம்னு ஒரு தடவையா சொல்லியிருக்கு? ஆறு தடவை!" என்பார். அந்த ஆயிரம் வருஷமும் கிறிஸ்து இறங்கி வந்து எருசலேமிலிருந்து இந்தப் பூமியை அரசாளுவார் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. எங்கள் லுத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530ஆம் வருட ஆக்ஸ்பர்க் அறிக்கை, மரித்தோர் எழும்புமுன் பக்தர்கள் உலக ராஜ்யத்தைப் பிடித்து ஆளுவார்கள் என்ற போதனையை 17ஆம் பிரிவில் தள்ளிவிட்டது.

இரண்டாம் நூற்றாண்டுத் திருச்சபைத் தலைவர் பாப்பியாஸ் மாமாவின் கட்சி. அந்த ராஜ்யத்தில் ஒரு கோதுமை மணி 10,000 கதிர் விடும், கதிருக்கு 10,000 மணி என்று அவர் சொன்னதாக அதே நூற்றாண்டு ஆயர் இரேனியு எழுதிவைத்திருக்கிறார். (எந்தக் களத்தில் கொட்டுவது?) பின்னால் வந்து சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியு, பாப்பியாஸ் புத்தி குறைந்தவர் என்று ஒரே போடாகப் போட்டார். யூசேபியு ஆயர். பத்தாயத்தில் நெல் இருப்பவர்களுக்கு இப்படிப் பேச வரும்.

என் தாத்தா பண்ணையாள். நட்டார், களை பறித்தார், அறுத்தார். களத்திலிருந்து வண்டி மட்டும் பண்ணை வீட்டுக்குப் போனது. "அவர்கள் நாட்டுகிறதும் வேறொருவர் கனிபுசிக்கிறதுமாயிருப்பதில்லை" என்ற ஏசாயா 65ஐ அவருக்கு 'ஆவிக்குரிய அர்த்தம்' சொல்லி விளக்க எனக்கு மனசு வராது. அது அவருக்கு வரவேண்டிய கூலி.

ஆயிரத்தைக் கணக்குப் போட நான் தயாராக இல்லை. என் பிடிமானம் வெளிப்படுத்தல் 21. அங்கே யாரும் மேலே பறந்துபோகவில்லை. புதிய எருசலேம்தான் கீழே இறங்கி வருகிறது, புதிய பூமிக்கு. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய கோயிலுக்கும் அந்தப் பெயர்தான். மறுவருடம் அங்கேயே அடக்கமானார்.

இதை மாமாவிடம் சொன்னால், "சரிதான் பாப்பா, அது 21. அதுக்கு முன்னாடி 20 இருக்குல்ல?" என்கிறார்.