ஒருசந்தியை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்வது

சாப்பாட்டை ஒதுக்குவதும் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதுமாக வரும் உணவுக்கோளாறு (அனோரெக்சியா, புலிமியா) ஒரு மனநோய். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் இந்த நோய் கண்ணுக்குத் தெரியாது. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு பெண்பிள்ளை காலைச் சாப்பாட்டை விட்டால் "ஒருசந்தி (ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) இருக்கிறாள், பக்தியான பிள்ளை" என்பார்கள். ஈஸ்டர் முடிந்த பிறகும் அந்த ஒருசந்தி முடியாதபோதுதான் வீட்டுக்கு உறைக்கும். அதற்குள் மீனும் கறியும் போய், எண்ணெய் போய், சோறும் போயிருக்கும். மாதவிலக்கு நின்றிருக்கும், முடி கொட்டும், வெயிலிலும் கை குளிர்ந்திருக்கும். வேறு சிலர் எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுப்பார்கள். உடம்பு இளைக்காததால் அது இன்னும் தாமதமாகத்தான் தெரியவரும். ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும்.

விசுவாசம் இந்த நோயைக் குணமாக்க உதவும், அதே விசுவாசம் நோய்க்கு மறைப்பாகவும் ஆகும். ஆகவே முதல் வேலை பங்குச் சாமியிடம் போவது. திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்குவது, 14 வயது நிறைந்தவர்களுக்கு. தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தையே விலக்குத் தரலாம், வேறு பக்திச்செயலாக மாற்றியும் தரலாம் என்கிறது 1245-ஆம் சட்டம். "மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன், உடைத்தால் பாவம்" என்று பிள்ளை அழும். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்தும் அவர் விடுவிக்கலாம். அது 1196-ஆம் சட்டம். பெற்றோர் நூறு முறை சொல்லியும் இறங்காதது, சாமி வாயால் ஒருமுறை கேட்டால் இறங்கும். அவர் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் பட்டினி போட்டால் பேய் விலகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பட்டினியால் வந்த நோய்க்குப் பட்டினி மருந்தாகாது.

அதே வாரத்தில் மருத்துவர். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொதுமருத்துவம், மனநலம் இரண்டையும் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, விழித்திருக்கும்போதே நிமிடத்துக்கு 50-க்குக் குறைந்த நாடி, பல நாளாக ஒன்றும் இறங்காத நிலை இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் இறங்கி இதயம் தடுமாறலாம். பார்க்க நன்றாகத்தான் இருப்பார். ராத்திரியில் யாரிடம் பேசுவதென்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்.

பாசத்தால் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. பிள்ளை ஒருவழியாக "சாப்பிடுகிறேன்" என்றதும் தட்டு நிறையப் போட்டு ஊட்டுவது. நெடுநாள் காய்ந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து சேர்ந்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும். கால் வீக்கம், மூச்சுத்திணறல், குழப்பம் வரும், உயிரும் போகலாம். மிகவும் இளைத்தவருக்கு முதல் பத்து நாள் சாப்பாட்டின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு. எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசித்தால் தரலாம் என்று காத்திருக்காதீர்கள். பசி உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும், கடிகாரம்தான் கணக்கு. காலையில் இட்லியும் சாம்பாரும், பதினொரு மணிக்குப் பாலும் கடலை உருண்டையும், மதியம் சோறும் சாளைக் குழம்பும், நாலு மணிக்கு அவித்த முட்டை அல்லது சத்துமாவுக் கஞ்சி, இரவு தோசை, படுக்குமுன் பால். பரிமாறுவது அம்மா, அளவைப் பற்றிப் பிள்ளையோடு பேரம் வேண்டாம். "இன்னும் ரெண்டு வாய்தான் தாயி, நான் கூட இருக்கேன்" என்பதற்கு மேல் பேச்சு தேவையில்லை. முதல் சில வாரம் வயிறு உப்பும். இரைப்பையின் வேகம் குறைந்திருப்பதால் வருவது அது, தானே சரியாகும். எடை பார்ப்பது மருத்துவமனையில் மட்டும், பிள்ளை எண்ணைப் பார்க்காதபடி திரும்பி நிற்க வைத்து.

சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் தனியே விடக் கூடாது. ஜெபமாலைக்குச் சரியான நேரம் இதுதான். மாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடிக்க இருபது நிமிடம். மீதியில் ஓலைப்பெட்டி முடையலாம். சாப்பாட்டுக்கு முன் ஜெபமாலை வைத்தால், நோய் அதைத் தள்ளிப்போடும் வழியாக்கிக்கொள்ளும். முன்னால் ஒரு சிலுவை அடையாளம் போதும். ஓரியூர், வேளாங்கண்ணித் திருத்தலங்களுக்கு நடைப்பயணம் போகிறேன் என்பதும் பல சமயம் உடம்பை வருத்தும் ஆசைதான். நாடி சீராகும்வரை பேருந்து.

ஜெபம் வறண்டுவிட்டது, ஆண்டவர் கைவிட்டார் என்று பிள்ளை சொல்லும்போது விசுவாசக் குறை என்று கண்டிக்காதீர்கள். 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் சோகமும் எரிச்சலும் வந்தன, சாப்பாட்டு நினைப்பே மூளையைப் பிடித்துக்கொண்டது. சோறு ஏறினால் ஜெபமும் திரும்பும். வேதத்தில் எடுத்துப் படிக்க மூன்று இடங்கள்: சாகத் துணிந்த எலியாவை வானதூதர் இரண்டு முறை எழுப்பிச் சாப்பிடச் சொல்வது, யாயிரின் பன்னிரண்டு வயது மகளை உயிர்ப்பித்ததும் இயேசு முதலில் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னது, உயிர்த்தவர் கரையில் தணல் மூட்டி மீன் சுட்டுச் சீடர்களைக் கூப்பிட்டது. வலை காயும் மணலில் உட்கார்ந்து அந்த யோவான் 21-ஐ வாசித்தால் இந்தப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். "உடல் தூய ஆவியின் கோவில்" என்ற வசனத்தை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். அவர்கள் அதை உடம்பைக் கண்டிக்கும் பிரம்பாகத்தான் ஏற்கெனவே பிடித்திருக்கிறார்கள்.

நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கும் அவரைக் கவனிப்பவருக்கும் கிடையாது (919-ஆம் சட்டம்). பூசைக்குப் போகுமுன் காலைச் சாப்பாடு முடிந்திருக்கட்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரே குரு இருப்பது நல்லது. வாந்தி எடுத்ததை ஒவ்வொரு தடவையும் கணக்குப்போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால் குற்ற உணர்வு ஏறும், அது அடுத்த வாந்திக்கு இழுக்கும். "இது நோய், இதைப் பாவமாக எண்ணாதே" என்று அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாந்திக்குப் பின் உடனே பல் தேய்க்கக் கூடாது, தண்ணீரில் கொப்பளித்தால் போதும். அமிலம் பட்ட எனாமல் தேய்ந்துவிடும்.

அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் கூட்டத்தில், ஒரே ஒரு செய்தி போக வேண்டும்: "கன்னம் வந்துருச்சே, தேறிட்டே" என்று யாரும் சொல்லக் கூடாது. பிள்ளை காதில் அது "பருத்துவிட்டாய்" என்றுதான் விழும். அன்று இரவுச் சாப்பாடு போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையேறி, வருமானம் நின்று, வீட்டில் எல்லோருமே குறைத்துச் சாப்பிடும் அந்த 61 நாளில் "எனக்கு வேண்டாம், தம்பிக்குக் கொடுங்க" என்று நோய் தியாக வேடம் போடும். மார்ச்சிலேயே முட்டை, பயறு, கடலை, கருவாட்டுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். அடுத்த சாம்பல் புதனன்று மற்றவர்களோடு நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பதினொரு மணிப் பாலையும் கடலை உருண்டையையும் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும்.