குப்பையில் நின்ற கொக்கு

கொரியாவில் பழைய அலமாரியைத் தூக்கிப்போடவும் காசு கட்ட வேண்டும். ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித் தெருவோரம் வைக்க வேண்டும். கிம்ஹேயில் எங்கள் விடுதி வாசலில் அப்படி ஒன்று மழையில் நனைந்துகொண்டு நின்றது. கறுப்பு மெருகு, அதில் சிப்பியால் பதித்த கொக்கு, மான், நம்ம ஊர் பைனஸ் (பைன்) மாதிரி மரங்கள். நானும் நேபாளக் கூட்டாளியும் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. ஒரு கதவை மட்டும் கழற்றினோம்.

பட்டறையில் கூட வேலை செய்த பெரியவர் பார்த்துச் சிரித்தார். அவர் மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீரும் இதேதானாம். எழுபதுகளில் இது இருந்தால் வசதியான வீடு. அப்புறம் அடுக்குமாடி வந்தது, சுவரோடு சேர்ந்த அலமாரி வந்தது, இதை வைக்க இடமில்லாமல் போனது. வேலை தெரிந்த கைகள் இருந்தும் வாங்க ஆளில்லை. என் கதவில் இருப்பது அசல் பூச்சாக இருக்காது, கஜுக்கொட்டை (முந்திரி) ஓட்டு எண்ணெயில் செய்த மலிவுப் பூச்சாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். கொஞ்சம் வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொங்யோங் போனேன். 1604இல் கடற்படைத் தலைமையகம் வந்த ஊர். அதற்குச் சாமான் செய்த பட்டறைகளால்தான் இந்தச் சிப்பி பதிக்கும் வேலைக்கும் அந்த ஊர் பேர்போனது. அபலோன் என்ற கடல் சிப்பியை நூலாகக் கீறி, கத்தி முனையால் ஒடித்து ஒடித்து ஒட்டுகிறார்கள். பூசுவது மரத்துப் பால், ரப்பர் போலக் கீறி எடுப்பது. அது காய ஈரக்காற்று வேண்டுமாம்! ஆனி மாதம் எங்கள் இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் துணி காயாது, இது மட்டும் ஜம்மென்று காயும்.

அரசு 1966இலேயே இந்தத் தொழிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் நான் பார்த்த கடையில் கூட்டம் நின்றது சிப்பி பதித்த போன் கவர் முன்னால். இளசுகள். முதலில் முகம் சுளித்தேன். பிறகு நானும் ஒன்று வாங்கினேன்.

கொரிய வேலைக்காலம் 4 வருடம் 10 மாதம் முடிந்து கதவோடு ஊரில் வந்து இறங்கினேன். "ஏன்டா, இம்புட்டு வருசம் ஒழச்சுட்டு ஒடஞ்ச கதவையா கொண்டாந்த?" என்றார் அம்மா. எங்கள் லயத்திலும், அதுதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, அலமாரிக்கு ஏது இடம்? சுவரில் மாட்டினேன். ஆணி அடிக்கும்போது கொக்கின் ஒரு கால் பெயர்ந்து விழுந்தது. சூப்பர் குளூ போட்டு ஒட்டியிருக்கிறேன், கொஞ்சம் கோணல். அம்மா இப்போது குடையை அதன் பக்கத்தில் மாட்டுவதில்லை, ஈரம் படுமாம்.