712 முடிச்சு

மாதத்தில் எனக்கு இரண்டு நாட்கள் ஆகாது. பதினொன்று, இருபது. ஜாதகம் பார்த்துச் சொல்லவில்லை, ஜிஎஸ்டி பார்த்துச் சொல்கிறேன். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரி கட்டுகிற கணக்கு. மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். இந்த 3பி-க்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை ஃபைல் செய்துவிட்டால் திருத்த முடியாது. தப்பு விழுந்திருந்தால் அடுத்தடுத்த மாதக் கணக்கில்தான் சரிக்கட்ட வேண்டும். அதுவரை அந்தத் தப்பு நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும், நம்மோடு படுத்துத் தூங்கும். அது தூங்கும், நாம் தூங்க மாட்டோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மார்ச் மாதம், 20-ஆம் தேதி மதியம், நெஞ்சு படபடவென்று அடித்து, கையெல்லாம் மரத்து, நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் மறுபடி. மே மாதம் மறுபடி. மூன்றாம் தடவை டியூட்டியில் இருந்த சின்னப் பையன் டாக்டர், "ஆன்ட்டி, மனநல டாக்டரை ஒருதடவை பாத்துருங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஈசிஜி காகிதத்தை அங்கேயே கிழித்திருப்பேன். நெஞ்சு வலி என்று வந்தவளுக்குப் பைத்தியப் பட்டமா என்று வீடு வரும்வரை புலம்பினேன். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அது அவர் வழக்கம்.

அப்புறம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லாரும் தூங்கியபின், 14416-க்கு நானே ஃபோன் செய்தேன். டெலி மானஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச எண். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை, பாதி அழுகைதான். டாக்டரைப் பார்ப்பது என்று முடிவானது மட்டும் நினைவிருக்கிறது. மாத்திரை தொடங்கினேன். வேலை செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு "மாத்திரையெல்லாம் எதுக்கு, கூடை பின்னுனா போதும்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டால் நான் பொறுப்பில்லை.

கூடைக்கு வருகிறேன். டாக்டரோடு ஓர் ஆலோசகர் அம்மாவும் இருந்தார். இரண்டாம் தடவை போனபோது கேட்டார்:

"ஆஃபீஸ் வேலை, வீட்டு வேலை ரெண்டும் போக, கையால வேற ஏதாவது செய்வீங்களா?"

"ஃபோன் பார்ப்பேன் மேடம்."

"அது விரலால தள்றதும்மா. நான் கேக்குறது கையால செய்யிறது."

பதில் இல்லை. பஸ்ஸில் வரும்போது முன் சீட்டில் ஒரு பாட்டி மடியில் மஞ்சளும் ஊதாவுமாக ஒரு வயர் கூடை வைத்திருந்தார். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் லீவு விட்டால் பெண் பிள்ளைகள் கையில் வயர் இல்லாமல் பார்க்க முடியாது. சாதாரண முடிச்சில் பின்னுகிறவள் கத்துக்குட்டி. பிஸ்கட் கூடை, நெல்லிக்காய் கூடை, சிவன் கண் கூடை என்று ஏறிக்கொண்டே போகும். சிவன் கண் போடத் தெரிந்தவளுக்குத் தெருவில் தனி மரியாதை. நான் கடைசிவரை கத்துக்குட்டிதான்.

மறுநாள் ஃபேன்சி ஸ்டோரில் வயர் கேட்டேன். கடைக்காரர், "பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்டாக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தைந்து வயதுக்காரி தனக்காக வயர் வாங்குகிறாள் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. பச்சையில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்கினேன்.

கை மறந்திருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் போய் நின்றேன். "இதுக்காத்தா இம்புட்டுத் தயங்குன?" என்று திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டார். ரோலில் சுருண்டிருந்த வயரைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து நேராக்குவது, நுனியைச் சாய்வாக வெட்டுவது (அப்போதுதான் இடுக்கில் நுழையும்), வயரைச் சரிபாதியாக மடித்து நடுவிலிருந்து தொடங்குவது. ஒரு வயரை வளைத்துப் பிடித்து, இன்னொன்றை அதற்குள் விட்டு, இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒருபக்கம் கூடுதலாக இழுத்தால் முடிச்சு குப்புற விழும். சரியாக இழுத்தால் சின்னச் சதுரமாக, 'டக்'கென்று உட்காரும். அந்த 'டக்' காதில் கேட்காது, விரலில் கேட்கும்.

என் கூடைக்கு அடியில் நீளவாக்கில் 16 முடிச்சு, அகலவாக்கில் 6. ஆக 96. அதன்பின் மூலை திருப்பிச் சுவர் எழுப்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு 44, மொத்தம் 14 சுற்று, 616. கூட்டினால் 712. பத்தொன்பது வருடமாக எண்களோடுதான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் எந்தப் போர்ட்டலிலும் ஏற்ற வேண்டாத ஓர் எண்ணை எண்ணியது அதுதான் முதல் தடவை. ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் முப்பது, முப்பத்தைந்து முடிச்சு போகும். ஆள்காட்டி விரல் நுனித் தோல் முதல் வாரத்தில் உரிந்துவிட்டது. அந்த எரிச்சல்கூட எனக்குப் பிடித்திருந்தது.

நாலாவது சுற்றில் எண்ணினால் 43 வருகிறது. மறுபடி எண்ணினேன், 43. உடனே அந்தப் பழைய படபடப்பு, அதே கை மரத்துப்போதல், வாசல்வரை வந்துவிட்டது. பெரியம்மா எட்டிப் பார்த்து, "மூணாவது சுத்துல ஒண்ண விட்டுட்ட. அவுத்துட்டுப் போடு" என்றார். அவ்வளவுதான். ஒன்றரைச் சுற்றை அவிழ்த்தேன். அவிழ்த்த வயரில் முடிச்சு இருந்த இடமெல்லாம் வரிவரியாகத் தடம். அதே தடத்தில் மறுபடி போட்டேன், 44 வந்தது. அபராதம் இல்லை, வட்டி இல்லை, நோட்டீஸ் இல்லை. இவ்வளவு வயதுக்கு ஒரு தப்பை அன்றைக்கன்றே, யாருக்கும் பதில் சொல்லாமல் அவிழ்த்துப் போட்ட அனுபவம் எனக்கு இருந்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கணக்குக்காரப் புத்தி சும்மா இருக்குமா? இது உண்மையிலேயே பலன்தானா, என் மனப்பிரமையா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டும் காகிதம் என்று இஷ்டப்படி எதையாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் (மன அழுத்தத்தில் சுரக்கிற ஹார்மோன்) அளவைப் பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு. முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்ததாம், முன்அனுபவம் உள்ளவர் இல்லாதவர் என்ற வித்தியாசமில்லாமல். கத்துக்குட்டிக்கு அது நல்ல செய்திதான். ஆனால் 39 பேர் ரொம்பக் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே செய்யாத ஒரு குழுவும் இல்லை. எங்கள் ஆஃபீஸில் இப்படி ஒரு வவுச்சர் வந்தால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்போம்.

எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. 658 இளைஞர்கள், 13 நாட்கள், தினமும் குறிப்பு எழுத வேண்டும்: இன்றைக்குப் படைப்பாக எவ்வளவு செய்தாய், மனம் எப்படி இருந்தது. ஏதாவது செய்த நாளுக்கு மறுநாள் உற்சாகம் கூடியிருந்தது. ஆனால் உற்சாகமாக இருந்த நாளுக்கு மறுநாள் அதனாலேயே கூடுதலாக எதையும் செய்துவிடவில்லை. நான் வருடக்கணக்காக, மனசு சரியாகட்டும் பிறகு பாட்டு கற்றுக்கொள்ளலாம், தையல் போகலாம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். வரிசையைத் தலைகீழாக வைத்திருந்திருக்கிறேன். அவர்கள் இளவட்டம், நான் மாதவிடாய் நிற்கிற வயது. அப்படியே எனக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் இந்த வவுச்சரில் கேள்விக்குறி சின்னதாகத்தான் போடுவேன்.

இடையில் ஒரு கூத்து. நாலு கூடை முடித்ததும் ஆஃபீஸுக்கு ஒன்றில் சாப்பாடு கொண்டுபோனேன். கூட வேலை பார்க்கிற தங்கச்சி பார்த்துவிட்டு, "அக்கா, நவராத்திரிக்குத் தாம்பூலம் வச்சுக் குடுக்கச் சின்னக் கூடை பன்னெண்டு வேணும்" என்று அட்வான்ஸையே கையில் திணித்துவிட்டாள். மஞ்சப்பையும் வயர் கூடையும் மறுபடி மவுசாகிவிட்ட நேரம். 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு பரணிலிருந்த கூடையெல்லாம் கீழே இறங்கியிருந்தது. பெருமையாக ஒத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். "பாரு, பொழுதுபோக்குலயும் நாலு காசு" என்றார் நாத்தனார். செப்டம்பர் 30 வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கும் கடைசி நாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். ஐந்தாவது கூடையில் விரல் இழுக்கிறது, மனசு மிச்சம் எத்தனை என்று எண்ணுகிறது. அதே முடிச்சுதான், ஆனால் இப்போது அது நிலுவை. இரண்டு ராத்திரி தூக்கம் போனது. மூன்றாம் நாள் ஐந்து கூடையையும், மிச்சத்துக்கான பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவள் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏழு கூடைக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

பின்னி விற்றுக் குடும்பம் நடத்துகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அது வேலை, மதிக்கிறேன். எனக்கு வேலை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. யாரும் காத்திருக்காத ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. இப்போது யார் கேட்டாலும், "பெரியம்மாகிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க, நீங்களே பின்னலாம்" என்கிறேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஒரே நாளில் ஓடிவிட்டார், அவருக்குச் சமையலில்தான் கை போகிறதாம். அதுவும் சரிதான். ஒரு குழம்பை நாலு விதமாக வைத்துப் பார்க்கிறவருக்கு வயர் எதற்கு?

மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. டாக்டர் சொல்லிக் குறைத்தது. 20-ஆம் தேதி இன்னும் பிடிக்காது.

முதலில் பின்னிய பச்சை வெள்ளைக் கூடையைத்தான் காய் வாங்கக் கொண்டுபோகிறேன். ஒரு மூலையை ஒரு முடிச்சு தள்ளித் திருப்பிவிட்டேன் என்பது கைப்பிடி போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. இடதுபக்கம் சாயும். பெரியம்மா வழக்கம்போல "அவுத்துரு" என்றார். இருக்கட்டும் பெரியம்மா என்றேன். காய்க்காரம்மாவுக்கு இப்போது பழகிவிட்டது. எடை போட்டு முடித்ததும் கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சொரக்காய வலது பக்கம் வையுங்கம்மா, அப்பத்தான் நேரா நிக்கும்" என்கிறார்.